கைக்குட்டையில் போன அப்பம்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். புதுச்சேரி டவுனில் எங்கள் பங்குக்கோவிலில், தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் ஆரம்பித்த விஷயம் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும், நானே விரலை விட்டுப் பார்த்தால்தான் வாங்குவேன். பால்காரர், கேஸ்காரர், என் வீட்டுக்காரர் என்று யாரும் என்னிடம் தப்பியதில்லை. "நீ போலீஸ்ல சேந்திருக்கணும், வழி தப்பி என் வூட்டுக்கு வந்துட்ட" என்பார் அவர். இந்தக் குணத்துக்குத் தோதாகக் கோவிலிலும் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. பூசையில் நன்மை கொடுக்கும் நேரத்தில், வரிசை முட்டிக்கொள்ளாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். நன்மையாகக் கொடுக்கிற அந்த வெள்ளை அப்பம் எங்களுக்கு வெறும் அப்பம் இல்லை. பூசையில் சாமியார் அர்ப்பணித்த பிறகு அது ஆண்டவருடைய உடல் என்று நம்புகிறோம். வாங்கியவர் அந்த இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் நாக்கில் வைத்துவிடுவார்கள், தொல்லை இல்லை. கையில் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகு, யாராவது அப்படியே எடுத்துப் போய்விடுவார்களோ என்ற பயமும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பயத்துக்குக் காவலாகத்தான் என்னைப் போன்றவர்கள் நின்றோம்.

அந்த ஞாயிறு, நன்மைப் பாட்டு ஆரம்பித்த பிறகு ஒரு பெண் வாசல் வழியாக வந்து நேராக வரிசையில் சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். நூல் புடவை, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. பங்கில் இதற்கு முன் பார்த்த முகம் இல்லை. சாமியார் அப்பத்தை நீட்டியபோது எல்லாரும் சொல்லும் "ஆமென்" அவர் வாயிலிருந்து வரவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கினார். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கண் நம்மை ஏமாற்றுகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் கண்மேலேயே சந்தேகம் வந்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறும் அதே நேரம், அதே தூண், அதே கைக்குட்டை. போகும்போது வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இல்லை என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று. வேதத்தில் இல்லாத ஒருத்திக்கு நன்மை எதற்கு, அதுவும் தின்னாமல் எடுத்துப்போக?

பூசை முடிந்ததும் பாடற்குழுவில் இருக்கும் தோழியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அக்கா, அத வெச்சி செய்வினை வெப்பாங்களாம். எங்க சித்தி ஊர்ல நடந்துச்சாம்" என்றாள். இந்த மாதிரிச் சமாசாரம் எப்போதும் யாரோ ஒருத்தருடைய சித்தி ஊரில்தான் நடக்கும். அது தெரிந்தும் அவள் சொன்னதை உதற முடியவில்லை. அந்த வாரம் முழுக்கச் சமையலில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நடமாடினேன். சாமியாரிடம் சொல்லலாம்தான். ஆனால் வாசலில் வைத்துப் பிடித்தால் கைக்குட்டை மட்டும்தான் கிடைக்கும், இதுவரை போனதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாது. இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் ஞாயிறு என் இடத்தில் தோழியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அந்தப் பெண் வெளியே வந்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன்.

அவர் நடந்த விதமே சரியில்லை. வலது கை நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்க்கவில்லை. காய்வண்டிக்காரர் ஒருவர் "இன்னாம்மா, முருங்கக்கா வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். இவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார். திருட்டுப் பொருள் கையில் இருந்தால் வாய் எப்படித் திறக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலு தெரு தாண்டி ஒரு பச்சை ஜன்னல் வீட்டின் கேட்டைத் திறந்து உள்ளே போனார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

அந்த வீட்டு அம்மாவை எல்லாரும் மதாம் என்போம். அவர் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவருக்குப் பிரான்சில் ஏற்கெனவே கல்யாணம் ஆகி, கோர்ட்டில் விவாகரத்து வாங்கியிருந்தார். கோர்ட்டு தீர்த்துவைத்தாலும் கோவில் தீர்த்துவைக்காது. அதனால் இவர்கள் கல்யாணத்தைக் கோவிலில் வைக்க முடியாமல், முனிசிபாலிட்டியில் பதிவு செய்துகொண்டு குடும்பம் நடத்தினார்கள். அப்படிச் சேர்ந்து வாழ்பவர்களுக்கு நன்மை கிடையாது என்பது சட்டம். அந்தக் காலத்துச் சாமியார் அதைச் சொல்லிவிட்டார். சாமியார் ஒரு தடவை சொன்னதைத் தெரு ஆயிரம் தடவை சொன்னது. பாவாடை சட்டை போட்ட வயதிலேயே எனக்கு இது மனப்பாடம். நாங்கள் நன்மை வாங்கப் போகும்போது மதாம் கடைசி பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி எங்களுக்கு வழி விடுவார்.

அவர் வீட்டுக்காரர் வைத்தியத்துக்காகப் பிரான்சுக்குப் போன இடத்தில் இறந்து அங்கேயே அடக்கமானார். அதன் பிறகும் பல வருடம் மதாம் அதே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அவரையும் காணோம். பிரான்சில் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். மீன் செவுளை நம்பாத நான் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்டைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பட்டப்பகலில் உள்ளே இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் ஒரு தட்டில் தண்ணீர். தண்ணீர் நடுவில் ஒரு வட்டத் தகர டப்பா. டப்பாவைச் சுற்றி மேசையில் லவங்கம் போட்டிருந்தது. அந்தப் பெண் மேசை முன்னால் மண்டியிட்டு டப்பாவைத் திறந்து கைக்குட்டையை அதற்குள் விரித்தார். டப்பாவுக்குள் இன்னும் இரண்டு அப்பங்கள் இருந்ததைப் பார்த்தேன். சித்தி ஊர்க் கதை உண்மைதான் என்று அந்த நிமிடம் சத்தியம் பண்ணியிருப்பேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே போய், "என்ன நடக்குது இங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய் எழுந்து டப்பாவை மறைத்து நின்றார். அப்போதுதான் மூலையில் கட்டில் இருப்பதைக் கவனித்தேன். அதில் மதாம் படுத்திருந்தார். பாதி உடம்பு கரைந்துபோயிருந்தது, ஆனால் கண் பழைய கண்தான்.

"யாரது, தெருமொனை டைலர் வூட்டுப் பொண்ணுதானே?" என்றார்.

"ஆமா மதாம். இது என்ன வேல? நன்மையத் திருடுறது எவ்ளோ பெரிய பாவம், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இருக்கற பாவத்தோட இதுவும் சேந்து இருக்கட்டும்னுதான்."

கொஞ்சம்கூட அசராமல் சொன்னார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மதாமைப் பார்த்துக்கொள்ள டவுனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்று தானாகவே சொன்னார். "மதாம் இத துன்ன மாட்டாங்கம்மா. எனக்கு யோக்கியத இல்லன்னுவாங்க. எதுருல இருந்தா பாத்துக்கினு படுத்திருப்பேன்னாங்க. அவ்ளோதாம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"லவங்கம் எதுக்கு? தண்ணி எதுக்கு?" என்று அதட்டினேன்.

"எறும்பு வரும்லம்மா" என்றார்.

என் வீட்டில் சர்க்கரை டப்பா இருபது வருடமாகத் தண்ணீர்த் தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவேயில்லை பாருங்கள்.

இருந்தாலும் என் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் செத்துவிடாது. கண்ணுக்கு எதிரில் வைத்துக்கொள்ளத்தான் என்று சொல்கிறார்கள், யாருக்குத் தெரியும்? "சாமியாரக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாமே" என்றேன். மதாம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேரியில கட்டிக்கினவளுக்குச் சாமியார் வருவாரா? உங்க அம்மாதான் மொதல்ல சொன்னாங்க, இனிமே நீ எழுந்து போவாத, உக்காந்துக்கோன்னு." முனிசிபாலிட்டிக் கட்டடத்தை எங்கள் ஊரில் மேரி என்போம். அவர் என் அம்மாவைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் சுருக்கென்றது.

டப்பாவை எடுக்கக் கூடாது, சாமியாரிடம் சொல்லி அழைத்து வருகிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கோவிலுக்குத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால், புகார் கொடுக்கத்தான் போனேன். எங்கள் சாமியார் அந்த வருடம்தான் பங்குக்கு மாற்றலாகி வந்திருந்தார், சின்ன வயது. காலை டிபனைக்கூட முடிக்க விடாமல் தூண், கைக்குட்டை, லவங்கம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மதாமின் கல்யாணக் கதையையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார்.

"எறந்து ரொம்ப வருஷம் ஆச்சு சாமி."

"அப்புறம் என்ன தடை?"

புதுநன்மை, அதாவது முதல் நன்மை, வாங்கும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள் நான். கல்யாணப் பூசைகளில் "சாவு நம்மைப் பிரிக்கும் வரை" என்று கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்தவள். அந்த மனிதரோடு சேர்ந்து வாழ்ந்ததுதான் தடை. மனிதரே போன பிறகு தடை எங்கிருந்து இருக்கும்? சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மறுநாளே மதாம் எழுந்து வந்து நன்மை வாங்கியிருக்கலாம். இது எங்கள் கோவிலில் எத்தனையோ பேருக்குத் தெரிந்த சட்டம்தான். மதாமோடு சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே சாமியார் கிளம்பினார். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் சின்னச் சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று யோசித்ததும் எனக்குக் காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஆண்டவரைச் சுமந்துகொண்டு போகும்போது வழியில் ஊர்க்கதை பேசக் கூடாது. இதே காரணத்துக்காகத்தான் அந்தப் பெண்ணும் காய்வண்டிக்காரருக்கு வாய் திறக்கவில்லையா?

மதாம் எங்களைப் பார்த்ததும் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் தன் வயிற்றின்மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்போது சந்தேகப்படும் முறை அவருடையது. சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். மதாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொட்டிய வாங்கிக்கினு போவத்தான் இப்பிடி நைஸா பேசுறீங்க" என்றார்.

"இல்லம்மா. நிஜமாவே உங்களுக்குத் தடை இல்ல."

"எப்பலேர்ந்து?"

"அவர் இறந்ததுலேர்ந்து."

"அன்னியிலேர்ந்தா?"

"அன்னியிலேர்ந்துதாம்மா."

மதாம் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அழவில்லை. "அப்போ எனக்குக் காலு நல்லா இருந்துச்சே சாமி. நானே நடந்து வந்து வாங்கியிருப்பேனே" என்றார்.

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அந்த வருடம்தான் வந்தவர், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. தலை குனிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனவர்கள்.

பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். நானும் அந்தப் பெண்ணும் முற்றத்தில் கிணற்றடியில் நின்றோம். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். "எம்மேல எதுனா கேசு போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கோயிலுக்குள்ள போனதுக்கு?" அதற்கும் இல்லை என்றேன். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

வழியில் ஏன் பேசாமல் நடந்தார் என்று கேட்டேன். என் ஊகம் சரியா என்று பார்க்க வேண்டாமா? "மதாம் சொல்லியிருக்காங்கம்மா. சாமிய கையில வெச்சிக்கினு மனுஷங்ககிட்ட பேசக் கூடாதாம். ஒரு வாட்டி எங்க ஊருக்காரரு ஒருத்தரு எதுருல வந்து கூப்புட்டாரு. நான் திரும்பல. டவுனுக்குப் போய் அவளுக்குத் திமிரு வந்துடுச்சுன்னு ஊரு பூரா சொல்லிட்டாரு" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். எங்கள் தெருவைப் போல அவர் ஊரிலும் ஒரு தெரு இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் சாமி வேறு. இந்தச் சாமிக்காக அவர் சொந்த ஊரில் கெட்ட பெயர் வாங்கியிருந்தார். நான் அவரைச் சூனியக்காரி என்று நினைத்துப் பின்னால் போனேன். சொல்லவே கூச்சமாக இருந்தது, ஆனாலும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் அப்பிடித்தாம்மா நெனச்சிருப்பேன்" என்றார்.

உள்ளே இருந்து சாமியார் கூப்பிட்டார். போனபோது மதாமின் முகம் துடைத்துவிட்டது போல இருந்தது. சாமியார் கழுத்துச் சிமிழைத் திறக்கவில்லை. மதாமின் கையிலிருந்த தகர டப்பாவைக் கேட்டு வாங்கினார். இந்த முறை மதாம் தடுக்காமல் கொடுத்தார். அதிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்து, மதாமின் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார்.

மதாம் உடனே வாயைத் திறக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார், யாராவது வேண்டாம் என்று சொல்லப்போகிறார்களா என்று பார்ப்பது போல. யாரும் சொல்லவில்லை. பிறகு, "ஆமென்" என்றார். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தப் பெண், வரிசையில் ஒருநாளும் சொல்லத் தெரியாத அந்தச் சொல்லை அவருக்காகச் சத்தமாகச் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மீதி அப்பங்களைச் சாமியார் கோவிலுக்கு எடுத்துப் போனார். அதன் பிறகு மதாமுக்கு வாராவாரம் நன்மை வீட்டுக்கே போனது. மழைக்காலம் வரைக்கும் இருந்தார். அடக்கப் பூசைக்கு அந்தப் பெண் தன் ஊரிலிருந்து புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்மைக்கு எல்லாரும் எழுந்து போனபோது, மதாமைப் போலவே முழங்காலை ஒதுக்கி வழி விட்டார். நான் அவரைத் தாண்டிப் போக மனசில்லாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றும் நன்மை நேரத்தில் அதே ஓரத்தில்தான் நிற்கிறேன். சந்தேகக் குணமும் என்னை விட்டுப் போகவில்லை. வரிசையில் வருகிறவர்களைக் கவனிக்க இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நன்மைக்கு எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நான் பார்க்கிறேன். ஒருத்தரை உட்காரச் சொல்ல ஊரே இருந்தது, எழுந்து வரலாம் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், பூசை முடிந்ததும் அந்த பெஞ்சுப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுக்காமல் நான் வீட்டுக்குத் திரும்புவதில்லை.